பிடியரிசிக் கணக்கு

"தின்னாங்க, ஊதிட்டாங்க. இதுல ஆராய்ச்சி என்ன வேண்டிக் கிடக்கு மாமா?" என்றான் மச்சினன், மசால்வடையைப் பேப்பரில் வைத்து எண்ணெயை ஒற்றியபடி. முந்தின ராத்திரி நெட்ஃபிளிக்ஸில் ஓர் ஆவணப்படம் பார்த்திருக்கிறான். அமெரிக்காவில் பல வருஷம் சக்கைப்போடு போட்ட 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற எடைக்குறைப்புப் போட்டியின் திரைமறைவுச் சங்கதிகள். 2025இல் வெளிவந்த படம். அதிலிருந்து அவன் எடுத்துக்கொண்டது, வாயைக் கட்டத் துப்பில்லாதவர்கள் பழியைத் தூக்கி டி.வி.மேல் போடுகிறார்கள் என்பதை. "அக்காகிட்டயும் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்" என்றும் சேர்த்துக்கொண்டான். அக்கா என்றால் என் மனைவி.

டீ இன்னும் வரவில்லை. நிதானமாகவே சொல்லலாம் என்று ஆரம்பித்தேன்.

நிகழ்ச்சி 2004இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. உடல் பருத்தவர்களைக் கலிஃபோர்னியாவில் ஒரு பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய் வாரக்கணக்கில் தங்கவைப்பார்கள். அங்கே ஆபீஸ் கிடையாது, பிள்ளைகுட்டி கிடையாது. அளந்த சாப்பாடு, மணிக்கணக்கில் உடற்பயிற்சி, காதருகே நின்று கத்துகிற பயிற்சியாளர். நடுநடுவே சபலச் சோதனை: கேக்கும் டோனட்டும் அடுக்கிய அறையில் விட்டு, சாப்பிட்டால் பணமோ சலுகையோ என்பார்கள். வாரக் கடைசியில் ஒரு பிரம்மாண்டமான தராசு. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். எண்கள் மேலும் கீழும் ஓடும், இசை இழுத்துக்கொண்டே போகும், ஒரு வழியாக எண் நிற்கும். தன் எடையில் எத்தனை சதவீதம் குறைத்தார் என்பதுதான் கணக்கு. பின்தங்கியவர்களில் ஒருவர் பெட்டியைக் கட்ட வேண்டும். கடைசியில் ஜெயிப்பவருக்கு 2,50,000 டாலர்.

நம் ரயில் நிலையங்களில் கலர் விளக்கு மினுக்கும் எடை மெஷின் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? காசு போட்டால் சின்ன அட்டை ஒன்று விழும். எடை கேட்டவனுக்கு எடையோடு பலனும் கிடைக்கும். அமெரிக்கத் தராசும் அப்படித்தான், எண்ணைக் காட்டிய கையோடு ஆளின் குணத்தையும் படித்துச் சொன்னது. குறைந்திருந்தால் வைராக்கியசாலி, குறையவில்லை என்றால் சோம்பேறி. இதில் வேடிக்கை என்னவென்றால், தராசுக்குக் கொழுப்பும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. முதல் சீசனில் ஜெயித்த ரயன் பென்சன், இறுதிச் சுற்றுக்காகப் பட்டினி கிடந்து, தண்ணீரையும் நிறுத்தி, சிறுநீரில் ரத்தம் வரும் அளவுக்குப் போனதாகப் பின்னால் அவரே சொன்னார். அன்றைக்குத் தராசில் அவர் வைராக்கியசாலிதான்.

"அவர் செஞ்சது தப்பு. ஒழுங்கா செஞ்சவங்க?" என்றான். நல்ல கேள்வி. அதற்கு எட்டாவது சீசனுக்குப் போக வேண்டும்.

2009. முதல் நாளே கடற்கரையில் ஒரு மைல் ஓட்டம் வைத்தார்கள். இரண்டு பேர் ஆஸ்பத்திரியில். "ஒரு மைல்னா ஒண்ணரை கிலோமீட்டர்தானே" என்றவனிடம், இரண்டு சிமெண்ட் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மணலில் ஓடிப் பார்க்கச் சொன்னேன். அந்த சீசனில் ஜெயித்தவர் டேனி கேஹில், ஓக்லஹோமாவைச் சேர்ந்த நில அளவையாளர். 195 கிலோவில் வந்தவர் ஏழு மாதத்தில் 87 கிலோ ஆனார். வீட்டுக்கு வந்தபிறகு இறுதிச் சுற்றுக்காக வேலையையே விட்டுவிட்டு உடற்பயிற்சி செய்தார். சோம்பேறி என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

அந்த சீசனின் 16 பேரில் 14 பேரை அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு ஆறு வருஷம் கழித்து மறுபடி சோதித்தது. முடிவு 2016இல் வந்தது. போட்டி முடிந்தபோது சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். கேஹில் 134 கிலோ. எடை ஏறாமல் தப்பியவர் ஒரே ஒருவர்.

"நான் சொல்லலை?" என்று மச்சினன் நிமிர்ந்தான். டீயும் வந்தது. அவனுக்குச் சர்க்கரை கம்மி.

இனிமேல்தான் விஷயம். நாம் சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு கலோரி செலவழிக்கிறது. இதயம் துடிக்க, மூச்சு விட, சூட்டைக் காப்பாற்ற. இவர்களுக்குப் போட்டிக்கு முன் அந்தச் செலவு நாளைக்குச் சராசரி 2607 கலோரி. எடை குறைந்ததும் 1996 ஆனது. உடம்பு சின்னதானால் செலவும் குறையும், அதில் ஆச்சரியம் இல்லை. எடை திரும்பியதே, அப்போது செலவும் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? ஏறவில்லை. ஆறு வருஷம் கழித்து 1903. அதே உடம்பு, அதே வயது உள்ள ஒருவருக்கு எரிய வேண்டியதைவிட ஏறக்குறைய 500 கலோரி குறைவு. ஒரு வேளைச் சாப்பாடு. பக்கத்து இலைக்காரர் மூன்று வேளை சாப்பிட்டு ஒரே எடையில் நிற்பார். இவர் இரண்டு வேளை சாப்பிட்டால்தான் நிற்க முடியும்.

என் அப்பாயி ஞாபகத்துக்கு வந்தாள். பஞ்சம் பார்த்தவள். அப்பாவுக்கு அரசாங்க வேலை கிடைத்து, வீட்டில் மூட்டையாக அரிசி இறங்கிய காலத்திலும், உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடாமல் இருக்க மாட்டாள். "இனி எதுக்கு ஆத்தா?" என்று அப்பா கேட்டால் பதில் வராது. பிடி மட்டும் பானைக்குப் போகும். உடம்புக்குள்ளும் அப்படி ஓர் அப்பாயி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இது போட்டி என்றோ, பரிசு டாலரில் என்றோ தெரியாது. முப்பது வாரப் பஞ்சம் வந்துபோனது, அவ்வளவுதான் தெரியும்.

பசியும் அவள் கையில்தான். கொழுப்பு செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லி அனுப்புகின்றன. 1994இல் கண்டுபிடித்தது. போட்டி முடிவில் இவர்கள் ரத்தத்தில் லெப்டின் கிட்டத்தட்டத் தீர்ந்துபோயிருந்தது. ஆறு வருஷம் கழித்தும் பழைய அளவுக்கு வரவில்லை. பானை காலி என்று மூளைக்குத் தகவல் போய்க்கொண்டே இருந்தால், மனுஷன் எத்தனை நாளைக்கு வாயைக் கட்டுவான்?

இங்கே ஒரு முடிச்சு உண்டு, அதை மறைக்கக் கூடாது. எரிப்பு மந்தமானதால்தான் எடை ஏறியது என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள். அதே ஆய்வில், எடையை அதிகம் தக்கவைத்தவர்களுக்குத்தான் எரிப்பு அதிகம் குறைந்திருந்தது. இருப்பு குறைவான வீட்டில் அப்பாயி இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள். அப்படியும் சிலர் தாக்குப்பிடித்தார்கள் என்றால் எப்படி? அதே 14 பேரை வைத்து 2017இல் வந்த ஆய்வு அதைப் பார்த்தது. பண்ணை வீட்டில் யார் அதிகம் குறைத்தார் என்பது சாப்பாட்டோடுதான் ஒத்துப்போனது, டி.வி.யில் ஒழுகிய வியர்வையோடு அல்ல. ஆறு வருஷக் கணக்கில் அது தலைகீழ். நடமாட்டத்தைக் கூட்டி, அதை விடாமல் வைத்திருந்தவர்களே எடையைத் தக்கவைத்தார்கள். எவ்வளவு என்றால், தினம் 80 நிமிஷ வேகநடை, அல்லது 35 நிமிஷக் கடும் உடற்பயிற்சி.

"பாத்தீங்களா, கடைசியில நான் சொன்ன இடத்துக்குத்தான் வந்தீங்க. அவங்கவங்க பொறுப்பு."

பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவே இல்லை. தினம் 80 நிமிஷம் எங்கிருந்து வரும் என்றுதான் கேட்டேன். காலை ஏழுக்குக் கம்பெனி பஸ் ஏறி ராத்திரி எட்டரைக்கு இறங்குகிறவன் இவன். நிகழ்ச்சி அவர்களுக்குக் கொடுத்ததே அந்த நேரத்தைத்தான். சமையல்காரரையும் பயிற்சியாளரையும் கூடச் சேர்த்து. அதையெல்லாம் கேமராவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, தராசுமேல் ஆளைத் தனியாக நிறுத்தி, எல்லாம் உன் மனசில் இருக்கிறது என்றார்கள். எனக்கு அந்த நிகழ்ச்சிமேல் உள்ள கோபம் அதுதான். கத்தியதைக்கூட மன்னித்துவிடலாம்.

அங்கே கத்தியவர்களில் ஒருவர் பாப் ஹார்ப்பர். தசையும் நரம்புமாக இருப்பார். 2017 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு ஜிம்மில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர் மாரடைப்பில் விழுந்தார். வயது 51. அங்கே தற்செயலாக இருந்த ஒரு டாக்டர் காப்பாற்றினார். ஹார்ப்பரின் அம்மாவும் மாரடைப்பில் போனவர், பரம்பரை என்றார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், யாரும் அவரைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. 195 கிலோக்காரருக்கு மட்டும் பரம்பரை என்ற பேச்சே ஏன் எழுவதில்லை என்பது என் சந்தேகம்.

மச்சினன் கொஞ்ச நேரம் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு, "அக்கா அப்ப ஒன்பது கிலோ குறைச்சாளே மாமா, அதுல எவ்வளவு திரும்பிச்சு?"

"ஆறு."

"நடையை விட்டுட்டாளா?"

"காலையில அஞ்சே காலுக்குக் கிளம்பிடுவா. நாலு வருஷமாச்சு, மழைக்குக்கூட நிக்கல."

"அஞ்சே காலா?" என்றான். இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பான்.