எண்ணில்லாத மனை

திருப்பூரிலிருந்து பல்லடம் சாலையிலோ அவிநாசி சாலையிலோ சற்றுத் தூரம் போகிறவர்கள், சோளமும் தென்னையும் நின்ற தோட்டங்கள் எல்லைக்கற்கள் ஊன்றப்பெற்றுச் ‘சைட்’டுகளாக மாறியிருப்பதைக் காணாமல் திரும்ப முடியாது. அந்த மனைப்பிரிவின் வரைபடத்தை வாங்கிப் பார்த்தால், எண்ணிட்ட கட்டங்களுக்கிடையே, பெரும்பாலும் பச்சை வர்ணம் தீட்டி, எண் இடாமல் விட்ட கட்டம் ஒன்று இருக்கும். கொங்கு நாட்டு ஜனங்கள் அதை ‘ரிசர்வ் சைட்’ என்பார்கள்; சட்டத்தின் பாஷையில் அது திறந்தவெளி ஒதுக்கீடு. தன் கஜானாவைத் திறக்காமலே நகரம் பூங்காவுக்கு நிலம் தேடிக்கொள்ளும் உபாயம் அந்தப் பச்சைக் கட்டத்தில்தான் அடங்கியிருக்கிறது.

1917-இல் நகராட்சியான திருப்பூர், 2008-இல் மாநகராட்சியாயிற்று. 2011-இல் வேலம்பாளையம், நல்லூர் ஆகிய நகராட்சிகளையும் சுற்றியிருந்த ஊராட்சிகள் சிலவற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் 8,77,778 பேர் வாழும் நகரமாக விரிந்தது. பனியன் கம்பெனிகளில் ஷிப்டும் ஓவர்டைமுமாக வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, சனிக்கிழமைச் சம்பளத்தோடு லைன் வீட்டின் ஒற்றை அறைக்குத் திரும்பும் குடும்பத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளை ஓடவிட ஒரு மைதானம் வேண்டுமென்பது ஆடம்பரமன்று, அத்தியாவசியமே. ஆனால் வீடுகள் எழும்பி முடிந்தபின் நிலம் வாங்க முற்படும் நகரசபை, ஏறிவிட்ட விலையைக் கண்டு மலைத்து நிற்கும். ஆகையால், தோட்டம் மனையாகும் அந்த முதல் நாளிலேயே, அதனால் லாபமடைகிறவரிடமிருந்து பொதுமக்களுக்குரிய பங்கைப் பெற்றுக்கொள்வதே நியாயமும் சாத்தியமுமான வழி என்பது இந்த ஏற்பாட்டின் தத்துவம்.

தமிழ்நாட்டு விதிகள் இதை மூன்று படிகளாக வகுத்திருக்கின்றன. 3,000 சதுர மீட்டர் வரையுள்ள, அதாவது சுமார் 74 சென்ட் வரையுள்ள நிலத்துக்கு ஒதுக்கீடு இல்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் வரை, சாலைகள் நீங்கலாக எஞ்சிய பரப்பில் 10 சதவீதத்தை விடவேண்டும்; அல்லது அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டலாம். அதற்கும் மேற்பட்டால் பணத்துக்கு இடமில்லை. நிலத்தையே தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்கவேண்டும். ஐந்து ஏக்கர் தோட்டத்தில் ஒன்றேகால் ஏக்கர் சாலைகளுக்குப் போய்விட்டதாக வைத்துக்கொண்டால், மீதமுள்ள மூன்றேமுக்கால் ஏக்கரில் முப்பத்தேழரை சென்ட் பொதுச்சொத்தாகும்.

இந்த முறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1965-இல் இயற்றிய குவிம்பி சட்டமும், மனை பிரிப்பவரிடம் பூங்காவுக்காக நிலமோ அதற்கு ஈடான பணமோ பெற உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது.

நிலத்துக்குப் பதிலாகப் பணம் என்பது பார்வைக்குச் சௌகரியமாகத் தோன்றினாலும், அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பணம் கருவூலத்தில் உறங்கும் காலத்தில் நிலத்தின் விலை உறங்குவதில்லை. மேலும், ஒரு பேட்டையில் பெற்ற பணத்துக்கு அதே பேட்டையில் காலி நிலம் கிடைக்குமென்பது நிச்சயமில்லை. உரிய அங்கீகாரமின்றி, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரால் விற்ற மனைகளின் கதை இதற்குச் சாட்சி. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகள் வகுத்தபோது, கட்டணங்களில் திறந்தவெளிக்கான கட்டணமும் ஒன்றாக அமைந்தது. மனைக்கு அங்கீகாரம் கிடைக்கலாம். ஆனால் விற்றுத் தீர்ந்த தெருக்களுக்கு நடுவே கட்டணமே ஒரு மைதானமாக முளைத்துவிடாது.

நீதிமன்றங்கள் இந்த ஒதுக்கீட்டின் பக்கமே நின்றிருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கென விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தது செல்லாதென்று 1991-இலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தில் ஒரு பங்கைத் தானமாகக் கேட்பது சொத்துரிமைக்கு விரோதமென்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கிலும், 2023 பிப்ரவரியில், விதி செல்லுமென்றே அது கூறிற்று.

ஆயினும், தானப்பத்திரம் என்ற பெயரைக் கண்டு இதை யாரோ ஒரு புண்ணியவானின் தர்மம் என்று எண்ணிவிடக்கூடாது. மனை பிரித்தவர் விட்டுக்கொடுத்த சென்ட்டின் விலையை மற்ற மனைகளின் கிரயத்தில் ஏற்றித்தான் விற்கிறார். ஓவர்டைம் காசைச் சேர்த்து ஒன்றரை சென்ட் வாங்கிய தொழிலாளி, தன் மனையோடு அந்த எண்ணில்லாத மனைக்கும் ஒரு பங்கு கொடுத்தவனே. ஆகவே சைட் வாங்கப் புறப்படுவோர், வில்லங்கமும் தாய்ப்பத்திரமும் பார்ப்பதோடு நில்லாமல், ரிசர்வ் சைட்டுக்குத் தானப்பத்திரம் பதிவாயிற்றா, வரைபடத்தில் கண்ட இடம் பூமியிலும் அதே அளவில் இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டே முன்பணம் கொடுக்கவேண்டும்.