மன்றாட்டு மணியான கதை

நம் பெண்மக்கள் அணியும் பாசிமணியை ஆங்கிலத்தில் 'பீட்' என்பர். நெற்றியில் அரும்பும் வியர்வைத் துளிக்கும் அதே பெயர். சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் டயரின் தடித்த ஓரத்தையும் அவ்வாறே அழைப்பர். ஆயினும், ஆதியில் இச்சொல் மணி எதனையும் குறிக்கவில்லை. மன்றாட்டையே குறித்தது என்றால் வியப்பாயிருக்கிறதன்றோ?

பழைய ஆங்கிலத்தில் செபத்திற்கு 'கெபெட்' என்று பெயர். ஜெர்மானியர் இன்றும் செபத்தை 'கெபேட்' என்றே சொல்லுகின்றனர். எழுத்தறியாத எளிய மக்கள் 150 சங்கீதங்களுக்கு ஈடாக 150 முறை கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லி வந்தனர். எண்ணிக்கை தவறாதிருக்க, நூலில் கோத்த மணிகளை ஒவ்வொன்றாய்த் தள்ளினர். 'செபங்களை எண்ணுகிறேன்' என்று ஒருவர் சொல்லும்போது, காண்போர் கண்ணில் பட்டவை மணிகளே. ஆகவே பெயர் உதட்டிலிருந்து விரலுக்கு இறங்கிற்று! செபத்தைக் குறிக்கப் பிரெஞ்சிலிருந்து 'பிரேயர்' என்னும் சொல் வந்தமர, 'பீட்' மணிக்கே உரியதாயிற்று. நாமோ 'செபமாலை' என்கிறோம். நம் சொல்லில் செபமும் மாலையும் பிரியாமல் நிற்கின்றன.

பழம்பொருளின் சுவடு 'பீட்ஸ்மன்' என்னும் சொல்லில் நெடுநாள் தங்கியிருந்தது. பிறருக்காக மன்றாடுபவன் என்பது அதன் பொருள். தரும சத்திரங்களில் உணவும் உறைவிடமும் பெற்று, அவற்றை நிறுவியவரின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொண்ட ஏழை முதியோரை அப்படி அழைத்தனர். பெரியோருக்கு எழுதும் கடிதங்களின் முடிவிலும் இச்சொல்லை மரியாதைக்காக இடுவதுண்டு. அர்ச். தாமஸ் மோர் 1534-இல் எட்டாம் ஹென்றி அரசனுக்கு எழுதிய மடலில், தம்மை அவனுடைய குடிமகன் என்றும் 'பீட்ஸ்மன்' என்றும் குறிப்பிட்டே கையொப்பமிட்டார். வெறும் உபசாரமாக அவர் அதை எழுதியிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை. மறு ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் அதே அரசனின் ஆணையால் அவர் தலை வெட்டப்பட்டது.

அவ்வரசனின் மகள் எலிசபெத் ஆட்சியில், 1571-இல், ஒரு சட்டம் பிறந்தது. உரோமையிலிருந்து வரும் சிலுவைகள், படங்களோடு 'பீட்'களையும் அது பெயர் சொல்லித் தடுத்தது. கொண்டுவந்து கொடுப்போருக்கும், பயன்படுத்தும் எண்ணத்தோடு வாங்குவோருக்கும் சொத்துப் பறிமுதலும் சிறையுமே தண்டனை. மாலையை வெளியே காட்ட இயலாத அக்காலத்தில், பத்துப் புடைப்புகள் கொண்ட மோதிரத்தை விரலில் அணிந்து, அதைச் சுழற்றிச் செபித்தவர்களும் உண்டு.