செவிக்குள் ஒரு சில்வண்டு

சென்ற ஆண்டு எமது ஊர்க் கோயில் திருவிழாவிலே, பூங்காவனத்தன்று இரவு இன்னிசைக் கச்சேரி நடந்தது. மறுநாட் காலை எம் வகுப்பு மாணவன் ஒருவன் எம்மைத் தனியே சந்தித்து, “சேர், காதுக்குள்ளே சில்வண்டு கத்துகிற மாதிரிக் கிடக்கு. நீங்கள் கதைக்கிறது தலையணைக்கு அங்காலை இருந்து கேட்கிற மாதிரி இருக்கு” என்றான். ஆளுயர ஒலிபெருக்கிகளின் முன்னே மூன்று மணி நேரம் நின்றிருக்கிறான்! அவன் மிருதங்கம் பயில்பவன். சுருதி சேர்ப்பதற்குத் தன் செவியையே நம்பியிருப்பவன். ஆகையினாற்றான் அவன் முகத்தில் அத்தனை அச்சம்.

எமது இளமையில் இத்தகைய இடர் இருந்ததில்லை. 1990களில் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லாத காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்திலே வானொலி கேட்டோம். சுற்றுகிறவன் கை ஓய்ந்தாற் பாட்டும் ஓயும். (வெடியோசை எம் செவிகளுக்குச் செய்த தீங்கு வேறு கதை.) இன்றோ பாட்டு ஓய்வதேயில்லை, பிள்ளைகளின் சட்டைப்பையிலிருந்து காதுக்குள் நேரே பாய்கிறது.

செவியின் உட்பகுதியில் நத்தையோடு போலச் சுருண்ட சிறு குழாய் ஒன்று உண்டு. அதனுள்ளே ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒலியலை வந்து மோத, அவற்றின் நுனி மயிர்கள் காற்றிலே நெற்பயிர் சாய்வது போலச் சாய்ந்து நிமிர்கின்றன. அச்சாய்வே நரம்பு வழியாக மூளைக்குச் செய்தியாகிறது. பேரொலி என்பது புயல். சிறிது சாய்ந்த பயிர் நிமிரும், முறிந்தது நிமிராது. கோழிக்கு அழிந்த மயிர்க்கலம் மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. இவ்விஷயத்திலே கோழி நம்மிலும் பாக்கியசாலி.

முதலிற் கெடுபவை உயர்ந்த தொனிகளை வாங்கும் கலங்கள். உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த தொனிகளிலே தங்கியுள்ளது. மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணொலிகளோ உயர்ந்த தொனியின. ஆதலாற் செவி கெட்டவருக்குக் குரல் கேட்கும், சொல் விளங்காது. ‘கல்’ என்றோமா, ‘பல்’ என்றோமா என்று மயங்குவார். பின்வரிசையிலிருந்து “என்ன சேர்?” என்று இருமுறை கேட்கும் பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று நாம் பலமுறை கடிந்ததுண்டு. இப்பொழுது சற்றுத் தயங்குகிறோம்.

எவ்வளவு கேட்கலாம்? வளர்ந்தோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரமும், சிறுவர் 75 டெசிபெல் ஒலியை அதே நேரமும் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். 100 டெசிபெல் என்பது 80இலும் கால்மடங்கு கூடியது, அவ்வளவுதானே என்று மாணவர் நினைப்பர். அன்று. டெசிபெல் கணக்குப் பெருக்கற் கணக்கு. 3 கூடினாற் சக்தி இரட்டிக்கும், 20 கூடினால் நூறு மடங்காகும். 40 மணி நேரத்தை நூற்றால் வகுத்தால் 24 நிமிடம். ஸ்தாபனம் இன்னும் சிறிது இறுக்கி, 20 நிமிடம் என்கிறது. அதுவும் ஒரு வாரம் முழுவதற்கும்! ஆளுயர ஒலிபெருக்கியின் முன்னே 100 டெசிபெல் அரிய அளவன்று.

மேடையை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. 1976 மே 31இல் லண்டன் சார்ள்ற்றன் உதைபந்தாட்ட மைதானத்திலே ‘த ஹூ’ என்னும் ஆங்கில இசைக்குழு வாசித்தபொழுது, 32 மீற்றர் தூரத்தில் 126 டெசிபெல் அளக்கப்பட்டது. கின்னஸ் நூலும் அதனைச் சாதனையெனப் பதிந்தது. அக்குழுவின் கிற்றார்க் கலைஞர் பீற் டவுன்சென்டுக்குப் பின்னாளிற் செவிப்புலன் குன்றியது. ஆனால் அவர் பெரிதும் பழித்தது மேடையையன்று. ஒலிப்பதிவுக்கூடத்திலே தாம் அணிந்த ஹெட்போனையே!

பஸ்ஸிலே இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டுகிறோம். இறங்கிய பின்னரும் குறைப்பதில்லை. கைத்தொலைபேசியின் ஒலியளவை நூற்றுக்கு 60இன் மேல் ஏற்றாதிருத்தல் நன்று. காதை நன்றாக மூடும் ஹெட்போன் வெளியிரைச்சலைத் தடுப்பதால், ஒலியைக் கூட்டும் தேவை குறையும். வீதியைக் கடக்கையில் மட்டும் கழற்றிவிடுக. கச்சேரியிலே தூரம்தான் முதற் காவல். திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கும் நமக்கும் இடையிலுள்ள தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். வெறும் பஞ்சினாற் பயன் சிறிது. உருட்டிச் செருகியதும் காதினுள் விரிந்து அடைக்கும் மென்மையான காதடைப்பான்களே தக்கவை.

எம் மாணவனின் சில்வண்டு இரண்டாம் நாள் மாலை அடங்கியது. அடங்காவிடின் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல ஆயத்தமாகவே இருந்தோம். (ஒரு காது திடீரெனக் கேளாது போயின், ஒரு நாளேனும் தாமதிக்கலாகாது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.) அவன் சுகமாயிற்று என்று மகிழ்ந்தான். எமக்கு அத்துணை மகிழ்ச்சி இல்லை. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றிலே, பேரொலி கேட்ட சுண்டெலிகளின் கேட்குந்திறன் பழைய நிலைக்கு மீண்ட பின்னரும், மயிர்க்கலத்தையும் நரம்பையும் இணைக்கும் சந்திகளுட் பல மீளாது அழிந்திருந்தமை காணப்பட்டது. இதனைச் சொன்னபொழுது அவன் வாய் திறவாது கேட்டுக்கொண்டிருந்தான்.

இவ்வாண்டுப் பூங்காவனத்தன்று அவனை மேடையருகே தேடினோம்; காணவில்லை. தேர்முட்டிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், காதுகளிலே மஞ்சள் நிற அடைப்பான்களுடன் நின்று, தொடையிலே தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கூட்டாளிகள் அவனைச் சுட்டி ஏதோ சொல்லிச் சிரித்தனர். அவனுக்கு அது கேட்கவில்லை.