ஒடிந்த வண்ணக்கோல்களை என்ன செய்வது?

பிள்ளைகள் உள்ள வீட்டில் மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தால், பென்சிற் சீவல்களுக்கும் மூடியிழந்த பேனாக்களுக்கும் இடையே ஒடிந்த வண்ணக்கோல்கள் சில கட்டாயம் கிடக்கும். கிரேயோன் என்றும் பஸ்டல் என்றும் பிள்ளைகள் அழைக்கும் அம்மெழுகுக் கோல்கள், வாங்கிய ஒரு மாதத்துள் இரண்டாகி, இரண்டு நான்காகி, ஈற்றிற் குப்பைக் கூடையைச் சேர்கின்றன. யானும் பல்லாண்டுகள் அவ்வாறே கூட்டி எறிந்தவள்தான். என் வழக்கத்தை மாற்றியது 2022ஆம் ஆண்டு.

அவ்வாண்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளிற் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. கொப்பி, பென்சில் முதலியவற்றின் விலை பெற்றோர் பலரின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. முதலாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த என் பேர்த்தி, ஒருநாள் தான் வரைந்த கடற்கரைக் காட்சியைக் கொண்டுவந்து காட்டினாள். மணல் இருந்தது, தோணி இருந்தது, கடலும் வானமும் மட்டும் வெறுங் கடதாசியாய்க் கிடந்தன.

“நீலம் முடிஞ்சு போச்சு, அம்மம்மா” என்றாள்.

புதுப் பெட்டி வாங்கித் தரும்படி அவள் கேட்கவில்லை. கேளாதிருப்பதற்கு அந்த வயதிலேயே பழகிவிட்டாளே என்பதுதான் என் நெஞ்சை உறுத்தியது. அன்றிரவு அவளுடைய அண்ணன்மாரின் பழைய லாச்சிகளைக் கவிழ்த்துத் துழாவினேன். நகமளவும் விரற்கடையளவுமாக நீலத் துண்டுகள் மட்டும் 17 அகப்பட்டன.

இத்துண்டுகளிற் கெட்டுப்போனது எதுவுமில்லை. உருவம் ஒன்றே போயிற்று. வண்ணக்கோல் என்பது பெரும்பாலும் பரபின் மெழுகும் நிறப்பொடியும் சேர்ந்த கலவையே. பெற்றோலியத்திலிருந்து பெறப்படும் அம்மெழுகு ஆண்டுக்கணக்கிற் கிடந்தாலும் உக்காது. உருக்கி ஆறவிட்டால் மீண்டும் இறுகும். உருகுவதற்கு 50 பாகை செல்சியசை அண்டிய வெப்பமே போதும். வெய்யிலிற் பூட்டி நிறுத்திய மோட்டார் வண்டியுள் மறந்துபோன கோல்கள் ஆசனத்தில் உருகி ஒட்டிக்கொண்ட கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பினி அன்ட் ஸ்மித் நிறுவனத்தார் 8 நிறங்களைக் கொண்ட முதற் கிரேயோலாப் பெட்டியை 5 சதத்துக்கு விற்றனர். அன்றும் மூலப்பொருள் மெழுகுதான், இன்றும் அதுவேதான்.

நீலத்தைத் தொடுமுன், ஒத்திகையாக மற்றைத் துண்டுகளை எடுத்தேன். அதிற் செய்த பிழைகள் இரண்டு. பேணியை நேரே நெருப்பில் வைத்தேன். சிறிது நேரத்திற் புகை கிளம்பி அடுக்களையை நிறைத்தது. மெழுகின் ஆவி அளவுக்குமேற் சூடேறினாற் தீப்பற்றும் என்பதை அப்போதுதான் நினைத்தேன். பதறி இறக்கி, கிடந்த நிறங்கள் அனைத்தையும் ஒன்றாய்க் கிண்டிவிட்டேன். வானவில் வருமென்று எதிர்பார்த்தேன். வந்ததோ சேற்று நிறம். நிறப்பொடி ஒவ்வொன்றும் ஒளியின் ஒரு பங்கை விழுங்குவது. எல்லாம் கூடி விழுங்கினால் எஞ்சுவது கபிலம்தானே!

மறுநாள் முறையாகச் செய்தேன். துண்டுகளை இளஞ்சூட்டு நீரிற் கால் மணிநேரம் ஊறவிட, சுற்றியிருந்த கடதாசி தானாகவே கழன்றது. பிறகு துணியால் ஒற்றி நன்றாக உலர்த்த வேண்டும். நீர்த்துளி ஒன்று தங்கினாலும் வார்ப்பிற் குழி விழும். வெற்றுப் பால்பேணி ஒன்றிற் துண்டுகளை இட்டு, அப்பேணியை அரைவாசி நீர் நிறைந்த சட்டியினுள் வைத்து, சோறு வடித்தபின் அடுப்பில் எஞ்சிய தணலின்மேல் ஏற்றினேன். எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்ற காலமல்லவா, விறகடுப்புத்தான் துணை. நீர் கொதித்தாலும் 100 பாகையைத் தாண்டாது. ஆகையால் மெழுகு தீப்பற்றும் நிலைக்குச் செல்லாது. சட்டியில் நீர் வற்றாமற் பார்த்துக்கொள்ள வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு. நிறம் பிரித்தலும் கடதாசி உரித்தலும் பிள்ளைகளுக்குரியன, அடுப்படி அவர்களுக்குரியதன்று.

உருகியதை ஈர்க்குத் துண்டினால் ஒருமுறை கிண்டி உடனே வார்த்தல் வேண்டும். தாமதித்தால் நிறப்பொடி அடியிற் படிந்து, மேலே வெறும் மெழுகு நிற்கும். அம்மெழுகு கடதாசியிற் தேய்த்தால் வழுக்குமேயன்றி நிறம் தராது. அச்சாகக் கேக் சுடும் கடதாசிக் கிண்ணங்கள் போதும். கோலாகவே வேண்டுமாயின், அலுமினியத் தாளைப் பென்சிலின்மேற் பலமுறை சுற்றி, ஒரு முனையை இறுக முறுக்கி, பென்சிலை உருவிவிட்டால் குழாயாகும். ஆறும்போது மெழுகு சுருங்குவதால் நடுவிற் சிறு பள்ளம் தோன்றும். அதிற் சில துளிகள் மீண்டும் விட வேண்டும். அவசரத்தில் உறைபெட்டியுள் வைத்தாற் கோல் வெடிக்கும். பேணியைச் சூடாயிருக்கும்போதே பழைய பத்திரிகைத் தாளினாற் துடைக்கவேண்டும். மிச்ச மெழுகைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் அங்கே இறுகி அடைத்துவிடும். அப்பேணியில் இனி உணவுப்பொருள் எதையும் வைத்தலாகாது.

எல்லாத் துண்டுகளும் இதற்கு உதவா. எண்ணெய்ப் பஸ்டல் என்பது வேறு இனம். 1925இல் ஜப்பானின் சகுரா நிறுவனத்தார் ஆக்கிய அவ்வகையில் மெழுகுடன் உலராத எண்ணெயும் உண்டு; விரலாற் தேய்த்தால் இழுபடும். அதனைக் கலந்தாற் கோல் உறுதியாய் இறுகாது. உற்பத்தியாளர் பெயரில்லாத மலிவுக் கோல்களையும் உருக்காதிருப்பது நன்று. சீனாவிலிருந்து வந்த சிலவகைக் கோல்களில் ஈயம் இருக்கக் கண்டு, 1994ஆம் ஆண்டில் அமெரிக்க அதிகாரிகள் அவற்றை மீளப்பெறச் செய்தனர்.

இன்னொன்று: பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு எல்லாத் துண்டுகளையும் உருக்கிவிட வேண்டியதில்லை. குறுந்துண்டை முழுக்கையாற் பற்ற முடியாது. பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் சேர்ந்தே பிடிக்க வேண்டும். பின்னர் பென்சில் பிடிப்பதற்கு அதுவே பயிற்சி. எனவே சிலவற்றை அப்படியே விட்டுவைத்தேன்.

17 நீலத் துண்டுகளிலிருந்து கோல்கள் 2, வட்டவில்லை 1 கிடைத்தன. கடுநீலமும் வெளிர்நீலமும் முற்றாகக் கலவாமற் கோடு கோடாய் நின்றன. பேர்த்தி வில்லையைப் பக்கவாட்டிற் பிடித்துத் தேய்த்ததும், கடலில் அலை தானாகவே எழுந்தது. வானத்துக்கு மாத்திரம் அந்த நீலம் வேண்டாமென்று தலையசைத்தாள்; அது கடலாம், வானம் இன்னும் வெளிறியிருக்குமாம்.

எந்த வீட்டுப் பெட்டியிலும் ஒடியாமல், தேயாமல் எஞ்சுவது வெள்ளைக் கோல் ஒன்றுதான். லாச்சியிலிருந்து அதை எடுத்து வந்து, “இதையும் உடைக்கட்டே, அம்மம்மா?” என்றாள். நான் மீண்டும் தணலைக் கிளறச் சென்றேன்.