கண்மாய்க்கு ஏன் தண்ணீர் ஏறவில்லை?

கண்மாயைத் தூர்வாரியாயிற்று. ஐப்பசி மழையும் பெய்தது, ஆற்றிலும் தண்ணீர் போனது. கண்மாய்க்கு மட்டும் வரத்தில்லை. பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த கரிசல் பூமியில் சம்சாரிக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை.

ஆற்றின் வடிவமும் படுகையும் எப்படி மாறுகின்றன என்று ஆராயும் ஆற்றுப் புவிப்புறவியலாளர் இதற்குக் காரணம் தேடிக் கண்மாய்க்குள் இறங்குவதில்லை, ஆற்றுக்குப் போகிறார். லெவல் கருவியை வைத்து ஆற்றின் குறுக்கிலும் நெடுக்கிலும் தரைமட்டம் அளக்கிறார். மணலைச் சலித்துப் பருமன் பார்க்கிறார். வெள்ளம் விட்டுப்போன செத்தை எந்தக் கிளையில் தொங்குகிறது என்று குறிக்கிறார். பாலத்தூணில் பழைய மணல்மட்டம் எதுவரை இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரிக்கிறார். என்னைக் கேட்டால், கருவிகளைவிட இந்த விசாரணையில்தான் அதிகம் பிடிபடும்.

சாப்டூர் மலைப்பக்கம் பிறக்கும் குண்டாறு திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடா நோக்கிப் போகிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் இத்தகைய ஆற்றுக்கு உருவம் கொடுப்பது எப்போதோ வரும் பெருவெள்ளம்தான். அப்படிப்பட்ட ஆற்றில் மணலை ஆழமாக அள்ளினால், குழி அள்ளிய இடத்தோடு நிற்காது. குழியின் மேல்விளிம்பில் வாட்டம் செங்குத்தாகிவிடும். அடுத்தடுத்த வெள்ளங்கள் அதை அரித்து மேல்நோக்கி நகர்த்தும். கீழ்ப்பக்கத்திலோ, கொண்டுவந்த மணலைக் குழியில் இறக்கிவிட்டு வரும் தண்ணீர் தரையைப் பறிக்கும். இப்படி இருபுறமும் படுகை இறங்க, ஆற்றிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்காலின் தலைவாய் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். முன்பு முழங்கால் அளவு ஓட்டத்தில் பாய்ந்த கால்வாய்க்கு இப்போது இடுப்பளவு வந்தாலும் ஏறாது. கண்மாயை இன்னும் நாலடி தோண்டிப் பயனில்லை.

ஆற்றுத் தரைமட்டத்தோடு மல்லுக்கட்டுவது நமக்குப் புதிதல்ல. தாழ்ந்த கொள்ளிடம் காவிரித் தண்ணீரை இழுத்துக்கொண்டதால்தான் 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார்.

இறங்கிய படுகையில் தாழ்வான குறுக்குச் சுவர்கள் போட்டால் மணல் மெல்லத் தங்கித் தரை உயரும். சுவர் உயரமாகிவிட்டால் மணல் மொத்தமும் அங்கேயே தேங்கி, கீழே அரிப்பு தொடங்கும். அதனால் அரையடிக்குக்கூடப் புவிப்புறவியலாளர் வாதாடுவார். சீமைக்கருவேலத்திலும் அப்படித்தான். நட்டாற்றுத் திட்டில் வேர்பிடித்து ஓட்டத்தை எதிர்க்கரைக்குத் தள்ளும் மரங்களை எடுக்கச் சொல்வார். கரையில் நிற்பவற்றையும் ஒரேநாளில் பிடுங்கினால் கரை சரியும். நாணலும் புங்கனும் பிடிக்கும்வரை பொறுக்கச் சொல்வார்.

வளைவுகளில் கிடக்கும் மடுக்களுக்கு அவர் தனிக் கவனம் கொடுப்பார். ஓட்டம் நின்ற பிறகும் விராலும் கெளுத்தியும் அவற்றில்தான் பிழைத்துக் கிடக்கும். சீரமைப்பு என்று படுகையைச் சமதளமாக்கினால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. அதனால் ஜேசிபி இறங்கும் முன்பே, தொடக்கூடாத இடங்களைச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைப்பார்.