பழைய ஜீன்சா? பழசு வேஷம் போட்ட புதுசா? ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்போர் உஷார்!

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, மெயின்கார்டு கேட், தெப்பக்குளம் பக்கம் நாலு எட்டு வைத்தால் போதும். "வாங்கண்ணே, ஒரிஜினல் ஜீன்ஸ்ண்ணே! வெளிநாட்டு மால்ண்ணே!" என்ற கூவல் காதைத் துளைக்கும்.

அது ஒரிஜினல் இல்லை என்பது விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். சில நூறு ரூபாய்க்கு ஆறு மாதம் உழைத்தால் போதும் என்றுதான் வாங்குகிறார்கள்.

ஆனால் இப்போது கிளம்பியிருக்கும் வியாபாரமே வேறு! "இது 50 வருஷத்துப் பழைய அமெரிக்க ஜீன்ஸ். உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்கு" என்று செல்போனில் படம் காட்டி, ஆயிரக்கணக்கில் கறந்து விடுகிறார்கள். பார்சலைப் பிரித்தால் உள்ளே இருப்பது, கல்லிலும் மருந்திலும் போட்டு வெளுக்க வைத்த புது பேண்ட்!

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கிறது. மாமாவோ சித்தப்பாவோ 1970களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த நிஜமான பழைய ஜீன்சை, "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூவி வருகிறவரிடம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குத் தள்ளி விடும் வீடுகளும் உண்டு!

70 லட்ச ரூபாய் பேண்ட்!

பழைய ஜீன்சுக்கு அப்படி என்ன மவுசு என்கிறீர்களா?

2022 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஓர் ஏலம் நடந்தது. கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் கண்டெடுத்த, 1880களைச் சேர்ந்த லீவைஸ் பேண்ட் ஒன்று கமிஷனோடு சேர்த்து 87 ஆயிரத்து 400 டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் நம்மூர் பணம் 70 லட்சத்துக்கும் மேல்!

இந்த பேண்ட் பிறந்த கதையே தொழிலாளியின் கதைதான். மூட்டை தூக்கும் ஆளும், சுரங்கத்தில் இறங்கும் ஆளும் பாக்கெட் கிழிகிறது என்று புலம்பினார்கள். நெவாடா மாநிலம் ரீனோ நகரின் தையற்காரர் ஜேக்கப் டேவிஸ், பாக்கெட் மூலையில் செம்பு ஆணி அடித்துப் பார்த்தார். கிழியவில்லை! சான்பிரான்சிஸ்கோ ஜவுளி வியாபாரி லீவை ஸ்ட்ராசுடன் கூட்டுச் சேர்ந்தார். 1873 மே 20ந்தேதி இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. முரட்டுத் துணி பேண்டுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த "டங்கரி" என்ற பெயர், பம்பாய் டோங்கிரி வட்டாரத்திலிருந்து போனதுதான்.

சிவப்புத் துண்டைப் பாருங்க!

பழைய லீவைசை அடையாளம் காண நிபுணர் வேண்டியதில்லை. கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும்.

வலது பின் பாக்கெட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புத் துணித் துண்டு நீட்டிக்கொண்டு இருக்கும். இதை 1936ல்தான் வைக்க ஆரம்பித்தார்கள். அதில் கம்பெனி பெயர் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தது. 1971ல் நடுவிலுள்ள "ஈ" எழுத்தைச் சின்ன எழுத்தாக மாற்றினார்கள். ஆகவே சின்ன "ஈ" போட்ட பேண்டைக் காட்டி "1960ல் செய்தது" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே நடையைக் கட்டலாம்.

பெரிய "ஈ" இருந்தால் உடனே நம்பி விடலாமா? கூடாது! பழைய மாடலை அதே கம்பெனியே பிற்காலத்தில் மறுபடி தைத்து விற்கிறது. அதிலும் பெரிய "ஈ" தான் இருக்கும்.

பட்டனுக்குப் பின்னால் ரகசியம்

அப்போது இடுப்புப் பட்டனின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தைத்த தொழிற்சாலையின் நம்பர் அங்கே குத்தியிருக்கும். "555" என்று இருந்தால், அது சான்பிரான்சிஸ்கோ வேலன்சியா தெரு தொழிற்சாலை நம்பர். 1990களின் பிற்பகுதி முதல் 2002ல் மூடப்படும் வரை பழைய மாடல்களை அங்கேதான் மறுபடி தைத்தார்கள். பெரிய "ஈ" யும் "555" ம் சேர்ந்து வந்தால் அது தாத்தா அல்ல, தாத்தா வேஷம் போட்ட பேரன்!

அடுத்து, பின் பாக்கெட்டுக்குள் கையை விடுங்கள். 1937 முதல் 1966 வரை அங்கே செம்பு ஆணி உள்பக்கமாக மறைந்திருக்கும். அதற்கு முன் ஆணி வெளியே தெரிந்ததால் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறியது. 1966க்குப் பிறகு ஆணியை எடுத்துவிட்டு, நெருக்கமாக நூல் தையல் போட்டார்கள்.

இடுப்புக்குப் பின்னால் ஒட்டிய, இரண்டு குதிரை படம் போட்ட பட்டையும் பேசும். 1950களின் நடுப்பகுதி வரை அது நிஜத் தோல். துவைத்துத் துவைத்துக் கருவாடு மாதிரி சுருங்கியிருக்கும். அதன் பிறகு வந்தது கெட்டி அட்டை போன்ற பட்டை. தோல் பட்டை புத்தம் புதுசாகப் பளபளத்து, துணி மட்டும் நைந்து போயிருந்தால் சந்தேகப்படுங்கள்.

துவைக்கும் முறையை எழுதிய லேபிளை ஆடைக்குள் வைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972ல்தான் அமலுக்கு வந்தது. 1960களின் பேண்டில் அந்த லேபிள் இருக்க நியாயமில்லை. கில்லாடிகள் இதைத் தெரிந்துகொண்டு லேபிளை வெட்டி எறிந்து விடுகிறார்கள். உள்தையல் ஓரத்தில் வெட்டிய மிச்சம் அல்லது ஊசித் துளை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது.

உறையூர்க்காரருக்குத் தெரிந்த சங்கதி

காலின் அடியை மடித்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. நாடா ஓடும் பழைய தறியில் நெய்த துணிக்கு, வேட்டிக் கரை போலப் பிசிறில்லாத ஓரம் இருக்கும். லீவைஸ் 501 மாடலில் அந்த வெள்ளை ஓரத்தின் நடுவே சிவப்பு நூல் ஓடும். 1980களின் நடுப்பகுதிக்குள் அது நின்றுபோனது. நாடா இல்லாத அகலத் தறிகள் வந்தன. ஓரத்தை மெஷினில் பிணைத்துத் தைத்தார்கள்.

ஆனால் இதையும் மட்டும் நம்ப முடியாது. ஜப்பானில் ஒகாயாமா, ஒசாகா பக்கத்துக் கம்பெனிகள் 1980, 90களிலேயே நாடா தறியில் பழைய மாதிரியே நெய்யக் கிளம்பிவிட்டன. அவர்கள் தங்கள் பெயரைப் போட்டு, "இது புதுசு" என்று சொல்லியே நல்ல விலைக்கு விற்கிறார்கள். அது நகல், ஆனால் மோசடி அல்ல. அந்த லேபிளைக் கிழித்துவிட்டுப் பழசு என்று விற்பதுதான் மோசடி. ஆணி, பட்டன், பட்டை, லேபிள், ஓரம் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று மாற்றிச் சொன்னாலும் சரக்கில் கோளாறு!

சத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் உறையூர் நெசவாளருக்கு இந்தக் கதை புதிதல்ல. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பதால் அடிபடுவது அவர்கள் வயிறுதான். சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985ல் சட்டம் வந்ததும், 2006ல் கைத்தறி முத்திரை வந்ததும் அதற்காகத்தான்.

வெளுப்புக்குப் பின்னால் உயிர்ப்பலி

ஜீன்ஸ் துணியில் பாவு நூலுக்கு மட்டும் நீலச் சாயம், ஊடை நூல் வெள்ளை. சாயம் நூலின் மேல்தோலில்தான் ஒட்டுகிறது, உள்ளே போவதில்லை. அதனால்தான் உடுத்த உடுத்த வெளுக்கிறது. உட்கார்ந்து எழுந்த மடிப்பு, பர்ஸ் வைத்த தடம், முட்டி தேய்ந்த இடம் என்று உடுத்தியவர் உடம்புக்கு ஏற்றபடி வெளுப்பு விழும். இரண்டு காலிலும் அச்சடித்தது போல ஒரே மாதிரி வெளுப்பு இருந்தால், அது ஆலையில் செய்த வேலை.

இந்த வேலை உயிரையும் குடித்திருக்கிறது. பழசு போலத் தெரிய, துணி மேல் மணலைப் பீய்ச்சி அடிக்கும் முறை துருக்கியில் பரவலாக இருந்தது. மணல் தூசியைச் சுவாசித்த வாலிபத் தொழிலாளர்கள் நுரையீரல் நோய் கண்டு இறந்தார்கள். 2009ல் துருக்கி அரசு அந்த முறையைத் தடை செய்தது.

ஏமாந்தால் என்ன செய்வது?

போலிப் பெயர் போட்ட சரக்கை விற்பது 1999ம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம்.

செல்போன் வியாபாரத்தில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். நுகர்வோர் புகாருக்கு 1915. பணம் அனுப்பிய ரசீதும், "பழசு" என்று அவர் எழுதி அனுப்பிய தகவலும் அழியாமல் இருக்க வேண்டும். "வாயால சொன்னாரு சார்" என்றால் வழக்கு நிற்பது கஷ்டம்.

பணம் கட்டும் முன் பட்டனின் பின்பக்கம், பின் பாக்கெட்டின் உள்பக்கம், காலின் அடி ஓரம் மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி தயங்காமல் அனுப்புவார். "அதெல்லாம் எதுக்குங்க, வேணும்னா எடுங்க" என்று மழுப்பினால், அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு 1ம் நம்பர் பஸ் ஏறிவிடலாம்.

அப்படியே, பாத்திரக்காரரை அடுத்த முறை கூப்பிடும் முன், பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பார்த்து விடுங்கள்!