ஜவ்வு விலகல்தானா?

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுபவருக்கும், திருப்பூரில் நாளெல்லாம் குனிந்து தைப்பவருக்கும் கழுத்துவலி, இடுப்புவலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். "ஜவ்வு விலகியிருக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது. சில வாரங்களில் வலி தானே தணியும். தண்டுவடக் கட்டியாலும் இதே வலி வரலாம். ஆனால் அது அரிது. அரிது என்பதால் டாக்டர்களுக்குக்கூடச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

வேலையால் வரும் வலி பெரும்பாலும் படுத்தால் குறையும். கட்டியால் வரும் வலி பலருக்குப் படுத்தால் கூடும். நடுராத்திரியில் எழுப்பி உட்கார வைக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு. செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, இருட்டில் தள்ளாடுவது, சட்டைப் பொத்தான் போடவும் சோறு பிசையவும் விரல் சொன்னபடி கேட்காதது, மார்பையோ வயிற்றையோ கயிறு கட்டி இறுக்கியதுபோல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் சுளுக்கு வழிக்கப் போகாதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் வேகமாகப் பலமிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய் ஏற்கெனவே வந்தவருக்குப் புதிதாக முதுகு வலித்தால் நாள் கடத்தக் கூடாது. முதுகெலும்புக் காசநோயிலும் இதே அறிகுறிகள் வரலாம்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் எந்த இடத்தை எடுத்தார்கள் என்ற கேள்வி இருக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். கால் மரக்கிறது என்று கீழ் இடுப்பை மட்டும் எடுத்தால், மார்பு மட்டத்தில் வளரும் கட்டி படத்திலேயே இருக்காது. நடுவயதுப் பெண்களுக்கு அதிகம் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் அந்த மட்டத்தில்தான் வளர்கிறது. இடுப்புப் படத்தில் சின்ன ஜவ்வுப் பிதுக்கம் தெரிந்துவிட்டால் போச்சு, பழி முழுக்க அதன்மேல்தான்!

1887இல் லண்டனில், மூன்று ஆண்டு முதுகுவலிக்குப் பிறகு கால்கள் செயலிழந்த ராணுவ அதிகாரி ஒருவருக்குக் கட்டி இருக்கும் என்று கணித்தார் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ். அறுவை செய்த விக்டர் ஹார்ஸ்லி முதலில் திறந்த இடத்தில் கட்டி இல்லை. இன்னும் மேலே போனபோது கிடைத்தது. அந்த அதிகாரி மறுபடி நடந்தார்.

ஆகவே, "முதுகுத்தண்டு முழுக்கப் பார்க்கணுமாங்க?" என்று டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதும் நோயாளியின் உரிமையே. 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கும்.

கணிப்பு தவறியதாலேயே அலட்சியம் என்றாகாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. கால் இழுக்கிறது என்று சொல்லியும் தொட்டுப் பார்க்காமல் மாதக்கணக்கில் வலி மாத்திரையே எழுதியிருந்தால் கதை வேறு. கட்டணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சை என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். அங்கே தேதியோடு உள்ள மருந்துச் சீட்டும் ரசீதும்தான் பேசும்.